மாமன் காட்டாத கடைசி ரீல்

சினிமாவில் கதாநாயகன் மூட்டை தூக்குகிறவனாக வருவான். முழுப் படத்தையும் உட்கார்ந்து பாருங்கள். அவன் தூக்கிய மூட்டை ஒன்றே ஒன்றாக இருக்கும். அதையும் கதாநாயகி வருவதைக் கண்டதும் பொத்தென்று கீழே போட்டுவிட்டுப் பாடப் போய்விடுவான். எங்கள் ஜவ்வரிசி ஆலையில் ஒருத்தன் இப்படி வேலை செய்திருந்தால், வெயில் ஏறுவதற்குள் அப்பா அவனை ஊருக்குப் பஸ் ஏற்றியிருப்பார். ரிக்‌ஷாக்காரனாக வந்தால் ரிக்‌ஷாவில் சவாரி இருக்காது. விவசாயியாக வந்தால் வரப்பில் ஓடுவானே தவிர, ஒரு மடை மாற்ற மாட்டான். இவன் எந்தக் காலத்தில் பணக்காரன் ஆவது? சோம்பலுக்குத் தியாகம் என்று பெயர் வைத்தார்கள் கதை எழுதுகிறவர்கள். நாங்களும் துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டு நம்பினோம்.

வில்லனைப் பாருங்கள். அந்தப் படத்திலேயே வேலை செய்கிற ஒரே ஆள் அவன்தான். காலையில் எழுந்து மில்லுக்குப் போகிறான், போன் பேசுகிறான், கணக்குப்பிள்ளையைத் திட்டுகிறான், மாடிப்படியில் நூறு தரம் ஏறி இறங்குகிறான். பட்டுக் கவுன் போடுவது ஒன்றுதான் அவனுடைய தப்பு. சேலத்து வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் இருந்தால் வேர்க்குருவே அவனைத் தண்டித்துவிடும். கதாநாயகன் கையை ஓங்க வேண்டிய தேவையே இருக்காது.

எண்பதுகளில் டிவி வந்தது. இனிமேலாவது ஒருத்தன் தேறுவான் என்று ஆசையோடு உட்கார்ந்தேன். அதே ஆள், கைப்பையில் சான்றிதழை வைத்துக்கொண்டு, வாரா வாரம் வேலை தேடிக்கொண்டிருந்தான். கிடைத்த வேலையையும் மானேஜரிடம் நியாயம் பேசி விட்டுவிட்டு வந்தான். டிவியை அணைத்தேன்.

இவ்வளவு ஏளனம் உனக்கெதற்கு என்று கேட்பீர்கள். ஒரு கதாநாயகன் பணக்காரன் ஆனானா இல்லையா என்கிற வழக்கில் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அதனால்தான்.

என் மாமன், அம்மாவின் தம்பி, எழுபதுகளில் நாமக்கல்லுக்கு மேற்கே ஒரு மானாவாரிக் காட்டில் டூரிங் கொட்டாய் போட்டிருந்தார். தென்னங்கீற்றுக் கூரை. முன்னால் மணல் கொட்டிய தரை, நடுவில் பெஞ்சு, பின்னால் மடக்குச் சேர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவுக்கு ஒரு மண்சுவர். நான் பி.யூ.சி.யில் ஒருமுறை மூழ்கி, எழுந்து, நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் மூழ்கியவன். ஆலைக்கு லாயக்கில்லை என்று அப்பா தள்ளிவிட, கொட்டாயில் ஒட்டிக்கொண்டேன். மாட்டு வண்டியில் மைக் கட்டி ஊர் ஊராகப் போய்ப் படத்தைப் புகழ்வது என் உத்தியோகம். பெல்பாட்டம் போட்டிருப்பேன். அதன் விளிம்பு பெருக்கிய தெருக்களுக்காகப் பஞ்சாயத்து எனக்குச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். முடியை நெற்றியில் சுருட்டி விட்டிருப்பேன். கண்ணாடியில் பார்த்தால் கதாநாயகன் தெரிவான். மற்றவர்கள் கண்ணுக்கு மைக் பிடித்த பனங்கொட்டை தெரிந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

மாமனுக்குத் தொழிலில் ஒரு கொள்கை உண்டு. கடைசி ரீலில் கதாநாயகன் பணக்காரன் ஆகிற படமாக இருந்தால், அந்த ரீலை ஓட்ட மாட்டார். அது தகரப் பெட்டியிலேயே தூங்கும். ரீல் மாற்ற வேண்டிய நேரத்தில், கண்ணாடித் துண்டில் கரி பூசிக் குச்சியால் தன் கையாலேயே எழுதி வைத்திருந்த ‘சுபம்’ ஸ்லைடைத் திரையில் காட்டி விளக்கைப் போட்டுவிடுவார்.

"இது மோசடியில்லீங்களா மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மாப்பிள்ளை, நம்ம சனம் எதுக்குக் கொட்டாய்க்கு வருது? தன்னையாட்ட ஒருத்தன் தெரையில நிக்கறதப் பாக்க. அவன் கடைசில பங்களாவுக்குக் குடி போயிட்டான்னு வெய்யி, ‘நீயும் அவிங்களோட சேந்துட்டியாடா’ன்னு மண்ண வாரி எறிஞ்சிருவாங்க. தெரை கிழிஞ்சா உங்கொப்பனா வந்து தைப்பாரு?"

படம் காட்டுகிற மெஷின் விளக்கில் எரிகிற கார்பன் குச்சியும் ஒரு ரீல் அளவுக்கு மிச்சமாகும் என்பதை மாமன் சொல்லவில்லை. கொள்கை உள்ளவர்கள் அதையெல்லாம் வெளியே சொல்ல மாட்டார்கள்.

அப்படித்தான் ஒரு படம் வந்தது. எண்ணெய் மில்லில் மூட்டை தூக்குகிறவன் கதை. முதலாளி அடிக்கிறான், இவன் பாடுகிறான். கடைசியில் பீப்பாய்களுக்கு நடுவே சண்டை. போலீஸ் முதலாளியைப் பிடித்துப் போகிறது. மூட்டைக்காரன் கோயிலில் தாலி கட்டி, பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு தன் குடிசையைப் பார்த்து நடக்கிறான். இங்கே மாமனின் சுபம். பெட்டியில் தூங்கிய ரீலில் என்ன இருந்தது என்பது எனக்கும் மாமனுக்கும் ஆபரேட்டருக்கும் மட்டும் தெரியும். குடிசை வாசலில் வக்கீல் வந்து, மில்லே உன் அப்பன் சொத்துதான் என்கிறார். மூட்டைக்காரன் கோட்டுப் போட்டுக்கொண்டு முதலாளி நாற்காலியில் போய் உட்காருகிறான்.

அப்பாவுக்கு அந்தப் படத்தின் மேல் அப்படி ஒரு பிரியம். மரவள்ளிக்கிழங்குக் காடும் ஜவ்வரிசி ஆலையும் வைத்திருந்த மனிதர், பின்சேரில் உட்கார்ந்து, குடிசைக்குப் போகிற அந்த ஜோடியைப் பார்த்துத் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுவார். மறுநாள் காலையில் ஆலையில் கண் வற்றியிருக்கும். எங்கள் களத்தில் ஜவ்வரிசி காயப்போட்டு, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றுகிற ஆள் ஒருவன் இருந்தான். நெடுநெடுவென்று வளர்ந்தவன், வாய்க்காரன். கூலி சேர்த்துக் கேட்டு வந்து நிற்பான்.

"அந்தப் படம் பாத்தியல்ல?" என்பார் அப்பா.

"பாத்தனுங்க மொதலாளி."

"கிழிஞ்ச சட்டையோட மூட்ட தூக்குனானே, ஒரு நாளு சேத்துக் குடுன்னு கேட்டானா? கடைசில குடிசைக்கே சந்தோசமாப் போனானா இல்லியா?"

"போனானுங்க."

"அப்பறம் என்ன? போயி மூட்டையத் தைய்யி."

அவனும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவான். மாமன் ஒளித்து வைத்த ரீலால் என் அப்பாவின் ஆலைக்கு இப்படி ஓர் உபகாரம்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு குடும்பம் ஒரு தலைமுறைக்கு முன்னால் ஆத்தூர்ப் பக்கம் போய் ரைஸ்மில் வைத்து ஊன்றியிருந்தது. அங்கே போனதில் பேச்சில் பாதி ‘ங்க’ உதிர்ந்துவிட்டது. அப்பாவுக்கு அது ஒன்றுதான் குறை: "மருவாத தெரியாத ஊருக்குப் போயிக் கெட்டுப்போயிட்டாங்க." மற்றபடி பெண்ணும் பிடித்தது, ரைஸ்மில்லும் பிடித்தது. எனக்குப் பெண் மட்டும் பிடித்தது. காப்பித் தட்டை நீட்டும்போது அவள் என் பெல்பாட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். நாணம் என்று நினைத்தேன். சிரிப்பாம். எப்படியானாலும் அன்றோடு நான் காலி. இவள் இல்லாவிட்டால் தாடி வளர்ப்பது என்று முடிவு செய்தேன். எனக்குத் தாடி சரியாக முளைக்காது என்பது வேறு விஷயம்.

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசி முடிப்பதை உறுதி வார்த்தை என்போம். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஜமக்காளத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வார்கள். மாற்றிவிட்டால் எழுதிக் கொடுத்த மாதிரி. ஆனால் அன்றைக்கு ஒரு சொல் சந்தேகத்துக்கு வந்துவிட்டால், அது தெளியாமல் தட்டைத் தொட மாட்டார்கள்.

ஆத்தூர்ப் பக்கத்து அந்த வீட்டில் தட்டு வைத்தாயிற்று. மாமன் வெற்றிலை மென்றுகொண்டு என் பக்கத்தில். அப்பா கடைசியாக என்னைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல நினைத்தார். சொல்வதற்கு எதுவும் கிடைக்காமல் சினிமாவில் போய் விழுந்தார்.

"என்ற பையனுக்குக் காசு ஆசையே கெடையாதுங்க. அந்த மூட்டக்காரன் படம் வந்துச்சே, கடைசில பொண்டாட்டி கையப் புடிச்சுக்கிட்டுக் குடிசைக்கே போறான் பாருங்க, அவனாட்டத்தான் இவனும்."

ரைஸ்மில்காரர் கையில் டம்ளர் அப்படியே நின்றது. "எந்தக் குடிசை? அவன் கோட்டு மாட்டிக்கிட்டு மில்லு சேர்லல்ல உக்கார்றான்? நான் ஆத்தூர்ல குடும்பத்தோட பாத்தேன்."

"குடிசைக்குத்தானுங்க போறான்."

"சேர்லதான் உக்கார்றான்."

"நான் ஒருக்காப் பாத்தவன் இல்லீங்க. நாலு வாட்டி பாத்திருக்கறேன்."

"நாலு வாட்டியும் கடைசில தூங்கிட்டீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். மாப்பிள்ளை சிரிக்கக் கூடாத இடம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

அப்பா முகம் சிவந்தது. "அப்ப நான் பொய் சொல்றனாக்கும்?"

"நான் அப்படிச் சொல்லல. ஆனா ஒரு சினிமாவுக்கே இப்படின்னா, பையன் படிப்பு, காடு, கெணறுன்னு சொன்னீங்களே, அதுல எத்தன ரீலு நெசம்? இன்னொண்ணும் சொல்லிடறேன். வர்ற பங்களாவ வேணாம்னு குடிசைக்குப் போறவனுக்கு எம்பொண்ணக் குடுக்கறதுக்கு நான் மில்லு வெச்சு நடத்தல."

சர்க்கரைத் தட்டில் எறும்பு ஏறத் தொடங்கியது. இரண்டு பெரிய மனிதர்கள், ஆளுக்கு ஒரு ஆலைக்குச் சொந்தக்காரர்கள், எங்கோ மதராஸில் அட்டையால் செய்த ஒரு குடிசைக்காக மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்கள். நான் மாமனைப் பார்த்தேன். மாமன் உதடு அசையாமல் பேசினார்: "வாயத் தொறந்தீன்னா கொட்டாயில ஒரு கீத்து மிஞ்சாது மாப்பிள்ளை. சனம் பிச்சுப்புடும்." சினிமாக் கதாநாயகனாக இருந்தால் இங்கே எழுந்து உண்மையை முழங்கியிருப்பான். நான் மேலே சுற்றாமல் நின்ற மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரைஸ்மில்காரர்தான் வழி சொன்னார். "கொட்டாய் உங்க மச்சினனோடதுதானே? படத்தத் திரும்பக் கொண்டாரச் சொல்லுங்க. நான் குடும்பத்தோட வர்றேன். குடிசைன்னா நானே கையால உப்பு எடுத்து வெக்கிறேன். சேருன்னா அப்பறம் பேசிக்கலாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ராசிபுரம் தாண்டியபோது மாமன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. என் தொடையைக் கிள்ளினார். "மாப்பிள்ளை, நாளைக்கி மைக்க எடு."

மறுநாளிலிருந்து நான் வண்டியில் போய்க் கத்தினேன்: "நமது பகுதியில் இதுவரை யாரும் கண்டிராத புத்தம் புதிய கடைசிக் காட்சியுடன்! காணத் தவறாதீர்கள்!" இத்தனை நாள் அந்தக் காட்சி எங்கே இருந்தது என்று ஒரு பிள்ளை கேட்கவில்லை. ஓர் அம்மா மட்டும் வண்டியை நிறுத்தி, "ஏஞ்சாமி, போன வாட்டியே முழுசாக் காசு குடுத்துப் பாத்தோமே. அந்தக் கடைசிய மட்டும் சும்மாக் காட்டுவீங்களா?" என்றார். நான் மாட்டைத் தட்டிவிட்டேன்.

சனிக்கிழமை முதல் ஆட்டம். கொட்டாய் பிதுங்கியது. தரை டிக்கெட்டில் எங்கள் ஆலைக் களத்து ஆட்கள் மொத்தமும் வந்திருந்தார்கள். பின்சேரில் அப்பா, ஒரு சேர் இடைவெளி விட்டு ரைஸ்மில்காரர். மண்சுவருக்கு அந்தப் பக்கம் என் அம்மா, பக்கத்தில் அந்தப் பெண். மூட்டைக்காரன் தாலி கட்டினான். குடிசையைப் பார்த்து நடந்தான். அப்பா வெற்றிச் சிரிப்போடு திரும்பினார். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே திரையில் வக்கீல் வந்துவிட்டார்.

மாமன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எறியப் போறாங்க பாரு," என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

மூட்டைக்காரன் கோட்டுப் போட்டான். மில்லுக்குள் நடந்தான். முதலாளி நாற்காலிக்கு முன்னால் தயங்கி நின்றான். நுனியில் மெதுவாக உட்கார்ந்தான். அப்போது மணலிலிருந்து நெடுநெடுவென்று ஓர் உருவம் எழுந்தது. எங்கள் களத்து வாய்க்காரன்தான்.

"சாஞ்சு உக்காரு சாமி!" என்று கத்தினான். "பயப்படாத! நல்லாச் சாஞ்சு உக்காரு!"

தரை முழுக்க விசில். துண்டுகள் பறந்தன. மண்ணை வாரினார்கள்தான், திரை மேல் எறியவில்லை, தலைக்கு மேலே தூற்றிக்கொண்டு ஆடினார்கள். மாமன் ஒரு கண்ணைத் திறந்தார். இத்தனை வருடம் தரை டிக்கெட்டுக்காகக் காப்பாற்றிய கொள்கை, தரை டிக்கெட்டுக்கு வேண்டவே வேண்டாமாம். கொட்டாயில் உர்ரென்று இருந்தது சேர் டிக்கெட்டு மட்டும்தான். காடு வைத்திருந்தவர்கள், போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருந்தவர்கள், லாரி வைத்திருந்தவர்கள் எல்லாரும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கதாநாயகன் குடிசையில் இருக்கிற வரைக்கும் அழுது அழுது நேசித்தவர்கள்.

அந்தப் பணக்கார வாழ்வும் எத்தனை நேரம்? ஒரு கொட்டாவி நேரம். அவன் சாய்ந்தான், பெண்டாட்டி சிரித்தாள், நிஜமான சுபம் வந்துவிட்டது. இன்னும் ஒரு ரீல் நீட்டியிருந்தால் நாற்காலியில் இருப்பவனிடம் ஒருத்தன் கூலி சேர்த்துக் கேட்டு வந்து நின்றிருப்பான். அதற்கு இவன் என்ன சொல்வான் என்று எழுத எந்தக் கதாசிரியனுக்கும் தைரியம் கிடையாது. அதனால்தான் அவசரமாக விளக்கைப் போட்டுவிடுகிறார்கள்.

விளக்கு வந்ததும் ரைஸ்மில்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்தார்.

"சட்டையே வேற," என்றார்.

"என்னது?"

"மூட்டக்காரன் காக்கிச் சட்டை போட்டவன். இவன் கோட்டுப் போட்டிருக்கறான். இது வேற ஆளுங்க. என்ற மச்சினன் வேற எதோ படத்த அறுத்து ஒட்டிப்புட்டான்."

எல்லாரும் மாமனைப் பார்த்தார்கள். ஒட்டியது என்று சொன்னால் இன்றைக்கு மோசடி. ஒட்டவில்லை என்றால் இத்தனை நாளும் மோசடி. மாமன் இருமினார், இருமிக்கொண்டே இருந்தார். ரைஸ்மில்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் கெளம்பறேன். கண்ணால பாத்தும் ஒத்துக்காதவங்க வூட்ல எம்பொண்ணு என்னத்தச் சொல்லி வாழ்வா?"

எனக்குள் இருந்த கதாநாயகன் விழித்துக்கொண்டான். தாவிப் போய், வண்டியிலிருந்து இறக்கி வைத்திருந்த மைக்கைப் பிடித்தேன். அது கீ என்று ஓர் ஊளையிட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. சொல்ல வந்தது அத்தனையும் மறந்துபோயிற்று. ஒரு வாரமாகக் கத்தியது மட்டும் பழக்கத்தில் தானாக வெளியே வந்தது:

"காணத் தவறாதீர்கள்!"

சிரிக்காதவர் யாருமில்லை. ரைஸ்மில்காரர்கூடச் சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். அந்தச் சத்தம் ஓய்ந்தபோது மண்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண் குரல் கேட்டது. அவள் என் அம்மாவிடம்தான் கேட்டாள், கொட்டாய்க்கே கேட்டது.

"ஏன் அத்தை, குடிசைக்குப் போனாலும் சேர்ல உக்காந்தாலும், அதுக்கு முன்னாடி தாலி கட்டிட்டான்ல? அது ரெண்டு பேரு பாத்ததுலயும் இருக்குதுல்ல?"

அதுவரை வாய் திறக்காத அம்மா எழுந்து நின்றார். "ஆமாஞ்சாமி! ரெண்டுலயும் கண்ணாலம் ஆயிப்போச்சு. நம்ம ஊட்டுலதான் நிக்குது." பிறகு சுவருக்கு மேலாக அப்பாவைப் பார்த்து, "ஏனுங்க, அவன் எதுல உக்காந்தா நமக்கென்னுங்க? சேருல உக்காந்தான்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டு ஆக வேண்டியதப் பாருங்க."

அப்பா வெறும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ரைஸ்மில்காரரும் கிளம்பவில்லை. "அந்த ஒரு வார்த்த வந்தாப் போதும். உப்ப இங்கயே மாத்திக்கலாம்," என்றார்.

மாமன் இருமலை நிறுத்தி, "யாராச்சும் உப்பு கொண்டாங்கடா, சர்க்கரை கொண்டாங்கடா!" என்று கூவினார். சுண்டல் கடையிலிருந்து ஒரு கை உப்பையும் டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் சர்க்கரையையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தவன் களத்து வாய்க்காரன். தலையெல்லாம் மணல். அப்பா முன்னால் வந்து நின்றான். கொடுக்கவில்லை.

"மொதலாளி, ஒரு சந்தேகமுங்க. கோட்டுப் போட்டு உக்காந்தது வேற ஆளுன்னு நீங்க சொன்னதாப் பேசிக்கறாங்க. நம்ம மூட்டக்காரன் தானுங்களே அது?"

அவனுக்குப் பின்னால் தரை டிக்கெட்டு முழுதும் வந்து நின்றிருந்தது. விடிந்தால் எங்கள் களத்தில் ஜவ்வரிசி கொட்டிப் பரப்ப வேண்டியவர்கள் அதில் பாதிப் பேர். அப்பா அவர்களைப் பார்த்தார். உப்பைப் பார்த்தார். சுவருக்கு மேலே அம்மா முகத்தைப் பார்த்தார்.

"அவனேதான்டா," என்றார். "அந்த உப்ப இப்படி வெய்யி."

ரைஸ்மில்காரர் சர்க்கரை டம்ளரை வாங்கிக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்துச் சேரில் உட்கார்ந்தார். அப்போது கூட்டத்தில் ஒருத்தர் நீளமாக ஒரு விசில் அடித்தார். நான்தான் அடித்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். எனக்கு விசில் அடிக்க வராது. நாலு பேர் முன்னால் அதை நிரூபிக்கப் போய், வெறும் காற்று வந்து அசிங்கப்பட்டும் இருக்கிறேன்.